பாறையை நெம்பும் நால்வர்

நேயர்களுக்கு வணக்கம். மெரினாவின் வடபகுதியில் உள்ள உழைப்பாளர் சிலையையும், அதே காமராசர் சாலையில் தெற்கே கோலூன்றி நடக்கும் காந்தியடிகள் சிலையையும் வடித்தவர் ஒருவரே என்பது, அவற்றை அன்றாடம் கடந்து செல்லும் சென்னைவாசிகளிலேயே பலருக்குத் தெரியாது. அவர் பெயர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி.

இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர்ப் பகுதியில் 1899ஆம் ஆண்டு பிறந்த ராய் சௌத்ரி, அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியமும், ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பமும் பயின்றவர். குழலிசை, மல்யுத்தம், வேட்டை, வங்காள மொழியில் சிறுகதை என்று அவருக்கு ஈடுபாடுகள் பல. 1929இல், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியராகச் சென்னைக்கு வந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டு, நெடுங்காலம் கைத்தொழிற்கூடமாகவே நடந்துவந்த அப்பள்ளியில், ஆளை நேரில் நிறுத்தி வரைவதும் வனைவதும் அவர் காலத்தில்தான் வேரூன்றின.

அவரை நவீனர் என்று ஒப்புக்கொள்ளத் தயங்கும் விமர்சகர்கள் உண்டு. உடற்கூற்றை அப்படியே பின்பற்றிய ஐரோப்பியப் பாணிக்காரர் என்பது அவர்கள் கணிப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அசைய மறுக்கும் பாறையை நான்கு பேர் நெம்புகிறார்கள், தசைகள் முறுக்கேறியிருக்கின்றன, பாறை இன்னும் புரளவில்லை. வெற்றியைக் குறிக்கும் சிலை என்று சொல்லப்படுவதில் வெற்றி பெறுவதற்கு முந்தைய கணத்தைத் தேர்ந்ததே அவருடைய துணிவு. மன்னர்களும் ஆளுநர்களும் தலைவர்களும் மட்டுமே பீடமேறிய நகரத்தில், பெயரற்ற கூலியாட்களை அந்த அளவில் வெண்கலத்தில் நிறுத்தியது அடுத்த துணிவு. அதற்கு மாதிரியாக நின்றவர்கள் அப்பள்ளியின் காவலாளியும் ஒரு மாணவரும் என்பார்கள். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களுள் ஒன்றைக் கூட்டியதும் இந்தக் கடற்கரையில்தான் என்பதால், சிலை நிற்கும் இடமும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

களிமண்ணைக் கட்டைவிரலால் அப்பி அழுத்திய தடங்களை அவர் வழித்து மழுப்புவதில்லை. வார்ப்புக்குப் பிறகும் அந்த மேடுபள்ளங்கள் வெயிலை வாங்கி உடலுக்கு அசைவைத் தருகின்றன. பசியால் நலிந்தவர்களை வடித்த சிற்பத்திலும், பாட்னாவில் ஏழு இளைஞர்கள் நிற்கும் தியாகிகள் நினைவுச் சின்னத்திலும் இதே கைதான் தெரிகிறது. ஓவியங்களிலும் தேர்ந்தவரே, ஆயினும் சிற்பங்களின் வலு அவற்றுக்கு இல்லை என்றே நான் கருதுகிறேன்.

1954இல் நாட்டின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் முதல் தலைவரானார், 1958இல் பத்மபூஷண் பெற்றார், 1975இல் மறைந்தார். 1957இல் அவர் ஓய்வு பெற்றபின் பள்ளியின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும், அதே பள்ளியில் பயின்று ஆசிரியரான எஸ். தனபாலும் அவருடைய மாணவர்களே. ஆசிரியரின் யதார்த்தப் பாணியை விட்டு இருவரும் வெகுதூரம் விலகிச் சென்றார்கள்; 1966இல் பணிக்கர் முன்னின்று, சென்னைக்கு அருகே கலைஞர்கள் கூடி வாழும் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவானபோது அந்த விலகல் முழுமை பெற்றது. ஆனாலும் தனபாலின் வெண்கலத் தலைகளில் உள்ள சொரசொரப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் ராய் சௌத்ரியின் பட்டறையைத்தான் காட்டுவேன்.