செம்பு துண்டிலா, பசையிலா?

நேயர்களுக்கு வணக்கம். செம்பும் தங்கமும் தேடுகிறவன் என்றால், மின்னுகிற கல்லைப் பொறுக்குகிறவன் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய செம்புச் சுரங்கங்கள் பலவற்றில் நூறு கிலோ பாறைக்கு அரை கிலோ செம்பு கிடைத்தாலே போதும். அதனால் நாங்கள் முதலில் தேடுவது செம்பை அல்ல. வெந்நீர் போன தடத்தை.

பூமிக்கடியில் பாறைக்குழம்பு ஆறும்போது உப்பும் உலோகமும் கரைந்த சூடான நீர் அதிலிருந்து பிரியும். போகிற வழியில் உள்ள பாறையை அது சும்மா விடாது. நடுவில், 400 டிகிரிக்கும் மேலான சூட்டில், கறுப்புக் காக்காப்பொன் புதிதாக முளைக்கும். பயோடைட் என்போம். தள்ளிப் போகப் போகப் பாறையில் பச்சை ஏறும். பச்சை தெரிந்தால் ஓரத்தில் நிற்கிறோம், கறுப்பு தெரிந்தால் நடுவை நெருங்கிவிட்டோம். பின்னால் வந்த நீர் இதன்மேல் வெள்ளையடித்துவிட்டுப் போவதும் உண்டு. அது தனித் தலைவலி.

சரி, எனக்குப் பைத்தியமே பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: பிரெச்சியா. உடைத்துப் போட்ட கான்கிரீட் துண்டைப் பார்த்திருப்பீர்கள். ஜல்லி, அதைப் பிடித்து நிறுத்தும் சிமெண்டு. பிரெச்சியாவும் அப்படித்தான், உடைந்த கற்கள், நடுவே பசை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், துளையிட்டு எடுத்த கல்லுருளை ஒன்றில் பித்தளை நிறத்தில் செம்புத்தாது பளபளத்தது. ஓடிப்போய்ப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் தண்ணீர் தெளித்து, லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, செம்பு துண்டில இருக்கா, பசையில இருக்கா?" மறுபடி பார்த்தேன். தாது ஓடிய நரம்பு, துண்டின் விளிம்போடு கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. பசையில் ஒரு பொட்டுகூட இல்லை. அப்படியென்றால் செம்பு வந்து படிந்து முடிந்த பிறகுதான் பாறை வெடித்திருக்கிறது. கையில் இருந்தது வேறெங்கோ இருந்த தாதுவின் சிதறல். துண்டுகளின் முனையும் மழுங்கியிருந்தது, உருண்டு வந்திருக்கிறது. "இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு தேடு" என்றார். அன்றிலிருந்து எந்தப் பிரெச்சியாவை எடுத்தாலும் என் வாயில் முதலில் வருவது அதே கேள்விதான். துண்டிலா, பசையிலா?

சிலியில் எல் டெனியென்டே சுரங்கத்தின் நடுவே, பிரேடன் என்று ஒரு பிரெச்சியாக் குழாய், அதாவது குழாய் வடிவில் பூமிக்குள் இறங்கும் பிரெச்சியாப் பாறை, நிற்கிறது. மேல்பக்கம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக அகலம். கடைசியில் வந்து புகுந்ததால் அதற்குள் செம்பு சொற்பம், நல்ல தாது அதைச் சுற்றித்தான்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா கதை பாக்கி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே சான் மானுவேல் செம்புச் சுரங்கத்தில் தாதுவைச் சுற்றி இந்த நிற வளையங்கள் பாதிதான் இருந்தன. மீதிப் பாதியைப் பிளவு ஒன்று வெட்டி நகர்த்தியிருக்க வேண்டும் என்று டேவிட் லோவெல் என்ற புவியியலாளர் கணித்தார். 1960களில் துளையிட்டார்கள், அந்த மீதிப் பாதி, கலமசூ என்று அழைக்கப்படும் தாது, அங்கே கிடந்தது. தங்கத்தை இன்னும் தொடவேயில்லை... வணக்கம்.