நடக்காத ஒன்றைக் கண்டுபிடிக்கும் கதை

நடுவர் அம்மா அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் 'எலட்சோ' ரசிகர் மன்றத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

ரசிகர் மன்றம் என்றதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய இருவரும் மூச்சுக்கு மூச்சு அந்த ஒரு நாவலைத்தான் சொன்னார்கள். நல்ல நாவல்தான், நானும் ரசிகைதான். அதனால்தான் அதை எங்கள் பக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போக வந்திருக்கிறேன்.

தலைப்பு உங்களுக்கு நினைவிருக்கும். 'இளையோர் நாவல்களில் ஏசெக்சுவல், ஏரோமான்டிக் பாத்திரங்களுக்கு இன்று பெரிதும் தேவைப்படுவது, தன்னைத் தான் கண்டறியும் கதையா? அந்தக் கட்டத்தைத் தாண்டிய சாகசக் கதையா?' யார்மீதும் உடல் ஈர்ப்பு எழாதவர்களை, அல்லது அரிதாகவே எழுகிறவர்களை ஏசெக்சுவல் என்கிறோம், சுருக்கமாக ஏஸ். காதல் ஈர்ப்பு அப்படி இருந்தால் ஏரோமான்டிக், சுருக்கமாக ஏரோ. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். தன்னைக் கண்டறியும் கதைதான் இன்னும் தேவை என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "குழப்பம், அழுகை, இணையத்தில் தேடல், ஒரு நல்ல நண்பர் விளக்கம் சொல்லுதல், கட்டிப்பிடித்தல், முற்றும். எத்தனை தடவை இதையே படிப்பது? அந்தப் பிள்ளை ஒரு கொலையைத் துப்பறியட்டுமே, பேயோடு சண்டை போடட்டுமே" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, பார்ப்போம்.

'எலட்சோ' 2020-இல் வந்தது. எழுதியவர் டார்சி லிட்டில் பேட்ஜர், அமெரிக்கப் பூர்வகுடியான லிபான் அபாச்சி இனத்தைச் சேர்ந்தவர். நாயகி எல்லிக்கு 17 வயது. இறந்த விலங்குகளின் ஆவிகளை அழைக்கும் வித்தை அவளுக்குக் குடும்பச் சொத்து. செத்துப்போன தன் நாயின் ஆவியைக் கூடவே வைத்துக்கொண்டு, உறவுக்கார அண்ணனைக் கொன்றவனைத் தேடிப் போகிறாள். துணைக்கு ஜே என்ற நண்பன். இருவருக்கும் நடுவே காதல் கிடையாது. அவள் ஏஸ் என்பது பேச்சோடு பேச்சாக வந்துபோகிறது. கதை நடக்கிற டெக்சாஸில் ஆவிகள் உண்டு, ரத்தக்காட்டேரிகள் உண்டு. அதையெல்லாம் நான் நம்பிவிட்டேன். அந்தப் பெண்ணின் நாட்டத்தைப் பற்றி வீட்டில் ஒரு முணுமுணுப்புகூட எழவில்லை பாருங்கள், அங்கேதான் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது.

எல்லி கதைக்குள் நுழையும்போதே தன்னை யார் என்று தெரிந்துகொண்டு வருகிறாள். அந்தத் தெளிவு அவளுக்கு எப்போது வந்தது, எப்படி வந்தது? நாவல் அதற்குள் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. ஆனால் அதைப் படிக்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த அவசியம் இருக்கிறதே அம்மா!

என் வாதத்தின் அடி இங்கேதான் இருக்கிறது. ஒரு பையனுக்கு இன்னொரு பையனைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது என்று வையுங்கள். பயமாக இருக்கும், யாரிடமும் சொல்ல முடியாது, ஆனாலும் ஏதோ ஒன்று நடந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். ஏஸ் பிள்ளைக்கோ ஏரோ பிள்ளைக்கோ அப்படி ஒன்றும் நடப்பதில்லை. நடந்ததைக் கவனித்துவிடலாம். நடக்காததை எப்படிக் கவனிப்பது? வகுப்பில் எல்லோரும் யாரையோ நினைத்து உருகும்போது, 'நமக்கு இன்னும் ஆள் அமையவில்லை போல' என்றுதான் தோன்றும். பதினாறில் அமையவில்லை, இருபதில் அமையும், கல்யாணத்துக்கு அப்புறம் தானாக வந்துவிடும் என்று மற்றவர்களும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு முடிவுத் தேதியே கிடையாது. ஒன்று இல்லை என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு முழுக் கதை வேண்டியிருக்கிறது. துப்பறியும் கதை வேண்டும் என்றாரே எதிரணித் தலைவர், இதுதான் ஐயா துப்பறியும் கதை. இதில் தடயமே எது வரவில்லை என்பதுதான்.

அதை அப்படியே எழுதிக் காட்டிய நாவல் ஆலிஸ் ஓஸ்மேனின் 'லவ்லெஸ்'. அதுவும் 2020, 'எலட்சோ' வந்த அதே கோடை. ஓஸ்மேன் தானும் ஏரோ, ஏஸ் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்த நாவலுக்கு 2021-இல் பிரிட்டனில் இளையோர் நூல்களுக்குத் தரும் 'ஒய்ஏ புக் பிரைஸ்' கிடைத்தது. நாயகி ஜார்ஜியாவுக்கு 18 வயது, இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்தில் சேருகிறாள். காதல் கதை என்றால் அவளுக்கு உயிர். ரசிகர்கள் எழுதும் காதல் கதைகளை ராத்திரி முழுக்கப் படிப்பவள். காதல் பிடிக்காத சிடுமூஞ்சி என்று அவளை யாரும் ஒதுக்க முடியாதபடி ஆசிரியர் முதலிலேயே கதவைச் சாத்திவிட்டார். பள்ளியில், யாராவது ஒருவனைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டுமே என்பதற்காக டாமி என்ற பையனின் பேரைச் சொல்லி, பிறகு தானே அதை நம்பியவள். கடைசியில் அவன் முத்தமிட நெருங்கும்போது உடம்பு ஒப்பவில்லை.

அதோடு அவள் நிற்கிறாளா? இல்லை. கல்லூரிக்குப் போனதும் கூடவே வளர்ந்த நண்பன் ஜேசனிடமே முயன்று பார்க்கிறாள். 'நல்லவன், தெரிந்தவன், இவனிடம்கூட வராவிட்டால் வேறு யாரிடம் வரும்' என்ற கணக்கு. அந்தக் கணக்கில் ஜேசன் அடிபடுகிறான். இதை ஓஸ்மேன் மழுப்பவில்லை. ஜார்ஜியா செய்தது தவறு என்றே எழுதுகிறார். தன்னைத் தெரியாமல் இருப்பது அவளுக்கு மட்டும் வலி இல்லை, அவள் பரிசோதித்துப் பார்க்கிற ஆட்களுக்கும் வலி. எதிரணி சொன்ன 'அழுகை, கட்டிப்பிடித்தல், முற்றும்' பட்டியலில் ஜேசன் எங்கே இருக்கிறான்?

இன்னும் இரண்டு பேர் அந்த நாவலில் இருக்கிறார்கள். ஒருவர் சுனில் ஜா, பல்கலைக்கழகத்தில் பால்புதுமை மாணவர்களுக்கான பிரைடு சங்கத்தின் தலைவர். அவரும் ஏஸ், ஆனால் ஆண்கள்மீது காதல் வரும். அப்படியென்றால் ஏஸ் எல்லோரும் ஒரே அச்சு இல்லை என்பது ஒரே புத்தகத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. இன்னொருவர் எல்லிஸ், ஜார்ஜியாவின் உறவுக்காரி, முப்பதுகளில் இருப்பவர். இளையோர் நாவலில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் தங்களைப் போன்ற பெரியவர்களைக் காட்ட ஆயிரம் வழி இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு எல்லிஸைப் போல ஒருவர் அபூர்வம். அப்புறம் அந்தக் கடைசிப் பகுதிகள்! காதல் படங்களில் நாயகன் நாயகிக்காகச் செய்கிற ஆர்ப்பாட்டங்களையெல்லாம் ஜார்ஜியா தன் நண்பர்களுக்காகச் செய்கிறாள். நட்பை ஆறுதல் பரிசாக ஓஸ்மேன் எழுதவில்லை. முதல் பரிசாக எழுதியிருக்கிறார்.

"எல்லாம் ஒரே கதை" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கிளேர் கானின் 'லெட்ஸ் டாக் அபவுட் லவ்', 2018. நாயகி ஆலிஸ் கறுப்பினப் பெண், கல்லூரி மாணவி. அவளுக்குக் காதல் வேண்டும், நிறையவே வேண்டும், உடலுறவில்தான் நாட்டமில்லை. கதையே அவளுடைய காதலி அவளை விட்டுப் போவதில்தான் தொடங்குகிறது. உடல் ஆசை இல்லையென்றால் அன்பும் இல்லை என்று அந்தக் காதலி நினைத்துவிடுகிறாள். ஜார்ஜியாவின் சிக்கலுக்கு நேர் எதிர்ச் சிக்கல் இது. அதே 2018-இல் அகேமி டான் போமனின் 'சம்மர் பேர்ட் ப்ளூ'. தங்கையை விபத்தில் இழந்து ஹவாய்க்கு அனுப்பப்பட்ட ரூமி என்ற பெண்ணின் துக்கம்தான் அங்கே முன்னால் நிற்கிறது. தனக்கு மற்றவர்களைப் போல ஈர்ப்பு வரவில்லையோ என்ற கேள்வி பின்னாலேயே நடந்து வருகிறது. இந்த மூன்றையும் ஒரே கதை என்று சொல்கிறவர், மூன்று கொலைக் கதைகளைக் காட்டினாலும் 'எல்லாவற்றிலும் பிணம்தான்' என்றுதான் சொல்வார்.

சாகசக் கதைக்குள் இவர்களை அனுப்பினால் என்ன ஆகிறது என்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எதிரணி வசதியாக எல்லியோடு நின்றுவிட்டது. கார்த் நிக்ஸின் 'கிளேரியல்' 2014-இல் வந்தது. கிளேரியலுக்கு ஆணும் வேண்டாம், பெண்ணும் வேண்டாம், காட்டில் தனியாக வாழ விட்டால் போதும். அருமையான பாத்திரம். ஆனால் முடிவு? அந்த வரிசையின் மற்ற நாவல்களில் வருகிற முகமூடி அணிந்த வில்லி இவள்தான் என்று தெரிகிறது. ஷானன் மெக்குவைரின் 'எவ்ரி ஹார்ட் எ டோர்வே', 2016, அறிவியல் புனைவுக்கும் மிகைப்புனைவுக்கும் தரும் ஹ்யூகோ, நெபுலா விருதுகளை வென்ற குறுநாவல். அதில் நான்சி தன்னை ஏசெக்சுவல் என்று வெளிப்படையாகச் சொல்கிறாள், அதற்குப் பெரிய மரியாதை. அவள் திரும்பிப் போக ஏங்கும் உலகம் எது? இறந்தவர்களின் மாளிகை. சிலைபோல அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்ட இடம். நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, இரண்டுமே நல்ல எழுத்து. ஆனால் ஈர்ப்பு இல்லாதவள் என்றாலே தனிமை, குளிர்ச்சி, மரணம் என்று கற்பனை தானாகச் சரிகிறதே, அந்தச் சரிவு சாகசக் கதையில்தான் அதிகம். ஜார்ஜியாவைப் பாருங்கள், பொறாமைப்படுகிறாள், சொதப்புகிறாள், நண்பர்களோடு நாடகச் சங்கத்தில் இறங்குகிறாள். சூடான ரத்தம் ஓடுகிறது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஔவையாரைக் கூப்பிட்டார். 'திருமணம் வேண்டாம் என்று சாகசமாக ஊர் சுற்றியவள் நம்மிடமே இருக்கிறாள்' என்றார். கதையை முழுக்கச் சொல்ல வேண்டும் அல்லவா? கல்யாணப் பேச்சு வந்தபோது அந்தப் பெண் பிள்ளையாரிடம் போய், இளமையை எடுத்துக்கொள் என்று கேட்டுக் கிழவியானதாகத்தான் நாம் கதை சொல்லி வந்திருக்கிறோம். கல்யாணம் வேண்டாத இளம்பெண்ணுக்கு நம் கதையில் இடமே இல்லை, கிழவியானால்தான் வழிவிடுவோம் என்கிறது அந்தக் கதை. இளையோர் நாவலுக்கு இதையா முன்மாதிரி ஆக்குவது? மணிமேகலையையும் தொட்டார். அவள் நெஞ்சு உதயகுமரன் பின்னால் போனதை அவளே தோழியிடம் சொல்கிறாள், காப்பியத்திலேயே இருக்கிறது. அவள் துறவி. துறவு வேறு, இது வேறு. துறவி ஆசையை விடுகிறார். இவர்களுக்கு விடுவதற்கு அந்த ஆசையே வரவில்லை.

இப்போது ஜக்ஹெட். 1941 முதல் ஆர்ச்சி காமிக்ஸில் பெண்களைக் கண்டால் பர்கரைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிற பையன். எல்லோரும் அதை வேடிக்கை என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். 2016-இல் சிப் ஸ்டார்ஸ்கி எழுதிய இதழில்தான் அவன் ஏசெக்சுவல் என்று பக்கத்திலேயே அச்சாகிறது. மறு வருடம் அந்தக் காமிக்ஸை வைத்து 'ரிவர்டேல்' தொலைக்காட்சித் தொடர் வந்தது, அதில் பெட்டி என்ற பெண்ணோடு அவனைக் காதலில் விழவைத்துவிட்டார்கள். உடனே எதிரணித் தோழர் எழுந்து, 'வெளிப்படையாகச் சொல்லியும் அழித்துவிட்டார்களே, அப்புறம் சொல்லி என்ன பயன்' என்பார். பயன் இருக்கிறது. எழுபது வருடத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்தபோது அழித்திருந்தால், அழித்தது என்று யாரும் வாய்திறந்திருக்க முடியாது. 'பையன் வளர்ந்துவிட்டான்' என்று முடித்திருப்பார்கள். அச்சில் இருந்ததால்தான் வாசகர்கள் சண்டை போட்டார்கள். ஜக்ஹெட்டாக நடித்த கோல் ஸ்ப்ரௌஸும் அந்த அடையாளம் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்.

"இவர்கள் எத்தனை பேர், இவ்வளவு நாவல் எதற்கு" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. ஆன்டனி போகார்ட் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் எடுத்த கணக்கில் சுமார் 1 சதவீதம் பேர், யார்மீதும் ஈர்ப்பு வந்ததே இல்லை என்றார்கள். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் தெரியாமல் அதே வராந்தாவில் நடந்துகொண்டிருப்பார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் அம்மா, ஒரே ஒரு ஆளைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். 'ஹார்ட்ஸ்டாப்பர்' தொலைக்காட்சித் தொடரில் ஐசக் என்ற பையன் வருகிறான், அவன் கதை 2023-இல் வந்த இரண்டாம் பருவத்தில்தான் விரிகிறது. அதுவும் ஓஸ்மேன் எழுதியதுதான். அவனை எப்போது பார்த்தாலும் கையில் ஒரு புத்தகம் இருக்கும். நண்பர்கள் எல்லோரும் ஜோடி சேர்கிறார்கள், அவனும் ஒருவனோடு முத்தமிட்டுப் பார்க்கிறான், ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் ஓவியக் கண்காட்சியில் ஒரு கலைஞர் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுத்தான் அவனுக்கு விஷயம் புரிகிறது. அதுவரை அவன் படித்துத் தள்ளிய அத்தனை புத்தகத்தில் ஒன்றுகூட அதை அவனிடம் சொல்லவில்லை. அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். முதல் பருவத்து ஐசக்கின் கையில், கண்காட்சிக்குப் போகும் முன்பே, அவர் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பார்? 'எலட்சோ'வையா, 'லவ்லெஸ்'ஸையா?