எம்டன் வந்த இரவும் நம் ஊர் நூலகமும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு இடையிலும் குறித்த நேரத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு யாப்பு சொல்லித் தந்த புலவர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்கும் தாய்மார்களே, வணக்கம்.

இன்று செப்டம்பர் 22. மூன்று செய்திகள் பேச வந்தேன்: எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசிய இரவு, அந்தக் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அதில் இருந்தார் என்று வழங்கும் கதை.

1914. செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி வாக்கில் அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். கடல் முழுக்க இருட்டு. கரையிலோ, உயர் நீதிமன்றக் கோபுரத்துக் கலங்கரை விளக்கம் உட்பட எல்லா விளக்குகளும் எரிந்தன. அரை மணி நேரம், ஏறத்தாழ 130 குண்டுகள். பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன.

என் பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. ஜார்ஜ் டவுனில் குடியிருந்தார்கள். நவராத்திரி நேரம், வீட்டில் கொலு. முதல் சத்தத்தை இடி என்று நினைத்து, மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடியவர், வானம் சிவந்திருப்பதைக் கண்டு அலறிவிட்டார். கொள்ளுப்பாட்டி பதறவில்லை. கொலு விளக்கைப் பூவால் குளிரவைத்தார். நகைகளை அரிசிப் பானைக்குள் புதைத்தார். மறுநாள் சுண்டலுக்கு ஊறிக்கொண்டிருந்த கடலையை வீணாக்க மனமில்லாமல் ஈரத்தோடு துணியில் முடிந்துகொண்டார். பாட்டி மரப்பாச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். விடியும் முன்பே மாட்டுவண்டியில் காஞ்சிபுரம் புறப்பட்டார்கள். வழியெல்லாம் மூட்டை முடிச்சோடு சனங்கள். சொந்தக்காரர் வீட்டில் மூட்டையைப் பிரித்தபோது கடலை முளைவிட்டிருந்ததாம். "குண்டு போட்டவனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பாட்டி சற்று நேரம் பேசாமல் இருப்பார்.

இன்று மாலை உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவர் வழியாகத்தான் வந்தேன். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல் அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது. டிபன் கேரியரும் கையுமாக நடந்த கூட்டத்தில் அதை ஏறிட்டுப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன்; வீடு போய்ச் சேரவேண்டிய நேரம் அது. ஆனால், எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல்லே தேயும் என்றால் வாய்ச்சொல் எம்மாத்திரம்? சாமர்த்தியக்காரனை "சரியான எம்டன்" என்கிறோம்; சொல் தங்கிவிட்டது. அன்றிரவு துறைமுகத்தில் நின்ற கப்பலில் மாண்டவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் பாட்டி சொன்னதையும் அவர் இருந்தவரை நான் எழுதி வைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். நம் கிளை நூலகத்தில் ஓர் அலமாரி, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எழுதிச் சேர்த்து வைக்க. அதைப் படிக்க, வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும் நேரத்தில், இரவு எட்டரை வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். இப்போது அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கதவில் பூட்டு தொங்குகிறது. நான்கு முறை மனு கொடுத்தோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும். ஐந்தாவது மனுவும் எழுதியாகிவிட்டது.

தலைவர் மணி அடித்துவிட்டார். முல்லரையும் செண்பகராமன் பிள்ளையையும் அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். வாசலில் மேசை மேல் மனு இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டும்.