சனியோட நிலாவுல சாப்பாடு மிச்சம் இருக்கு... சாப்பிடத்தான் ஆள் இல்லையா?

[திரையில்: மாட்டுக் கொட்டகை, பின்னாடி கோபர் கேஸ் தொட்டி]

வணக்கம் மக்களே! பூமியை விட்டா வேற எங்க உயிர் இருக்கும்னு கேட்டா எல்லாரும் செவ்வாயைக் கைகாட்டுவாங்க. இந்த வீடியோவுல குடியாத்தம் பக்கத்து கோபர் கேஸ் தொட்டியைக் காட்டப் போறேன். சிரிக்காதீங்க. சனி கிரகத்தோட குட்டி நிலாவான என்செலடஸ்ல உயிர் இருக்கா இல்லையான்னு நடக்கிற சண்டையில பாதி, இந்தத் தொட்டிக்குள்ள நடக்கிற வேலையைப் பத்தினதுதான்.

மத்த இடங்களை ஒரே ஓட்டமா முடிச்சிடுவோம். வெள்ளியில தரையே 460 டிகிரி கொதிக்குது. மேகத்துல, பூமியில நுண்ணுயிரோட சேர்த்துப் பேசப்படுற பாஸ்பீன் வாயு இருக்குன்னு 2020-ல சொன்னது இன்னும் பஞ்சாயத்துலயே கிடக்கு. செவ்வாய்ல 1976-ல வைக்கிங் விண்கலம் மண்ணைக் கிளறின நாள்ல இருந்து இழுபறி. 2024-ல பெர்சிவியரன்ஸ் ரோவர், பழைய உயிரோட தடமா இருக்கலாமோன்னு நினைக்க வைக்கிற ஒரு புள்ளி போட்ட பாறையைப் பார்த்துச்சு, அதுல எடுத்த துண்டு பூமிக்கு வந்து சேர்ந்தாதான் பேச்சு. சனியோட பெரிய நிலா டைட்டன்ல மைனஸ் 179 டிகிரி, மீத்தேன் ஏரி, தண்ணியெல்லாம் பாறையா உறைஞ்சு கிடக்கு. வியாழனோட நிலா யூரோப்பாவுக்கு 2024 அக்டோபர்ல கிளம்பின கிளிப்பர் விண்கலம் 2030-ல போய்ச் சேரும். சேனல் அதுவரைக்கும் ஓடினா தனி வீடியோ உண்டு.

கானிமீட்ல மட்டும் ஒரு நிமிஷம் நிக்கணும், ஏன்னா அது நம்ம ஊர் விஷயம். 1972 ஜூன் 7-ம் தேதி, வியாழனோட இந்த நிலா ஒரு நட்சத்திரத்தை மறைச்சுது. அதை அளந்த ரெண்டு இடத்துல ஒண்ணு இந்தோனேசியாவுல லெம்பாங். இன்னொண்ணு ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில இருக்கிற காவலூர்! அன்னைக்கு அது வட ஆற்காடு மாவட்டம், இன்னைக்குத் திருப்பத்தூர். ஒரு மீட்டர் தொலைநோக்கியில பார்த்தப்போ நட்சத்திர வெளிச்சம் பட்டுனு அணையாம படிப்படியா மங்கினதால, அங்க மெல்லிசா காற்று இருக்குன்னு எழுதினாங்க. 1979-ல வாயேஜர் 1 விண்கலம் போய்ப் பார்த்துட்டு, அவ்வளவு காற்றெல்லாம் கிடையாதுன்னுடுச்சு. அப்புறமா ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அங்க ரொம்ப ரொம்ப லேசா ஆக்சிஜன் இருக்கிறதைப் பிடிச்சது. அளந்த விதம் தப்பில்லை, அளவுதான் ரொம்ப கூடிப்போச்சு.

சரி, இப்ப நம்ம ஆளு: என்செலடஸ். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். மேல ஐஸ் ஓடு, உள்ள உப்புக் கடல், அதுக்கும் அடியில பாறை. தென் துருவத்துல நாலு பெரிய வெடிப்பு, ஒவ்வொண்ணும் சுமார் 130 கிலோமீட்டர், கிட்டத்தட்ட வேலூர்ல இருந்து சென்னை வரைக்கும். அந்த வெடிப்பு வழியா உள்ள இருக்கிற கடல் நீராவியாவும் ஐஸ் தூளாவும் வெளிய பீச்சியடிக்குது. வினாடிக்கு சுமார் 300 லிட்டர்! துளை போட வேணாம், தோண்ட வேணாம். பக்கத்துல பறந்து போனாலே கடல் தண்ணி நம்ம மேல தெளிக்கும். 2005-ல காசினி விண்கலம் இதைக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் அந்தச் சாரலுக்குள்ளயே பல தடவை புகுந்து போச்சு.

அங்கதான் ஒரு வம்பு. உயிர் இருக்கான்னு கேட்டா, முதல்ல பார்க்க வேண்டியது ஹைட்ரஜன். இரும்புச் சத்துள்ள பாறையில சுடுதண்ணி பட்டா ஹைட்ரஜன் வரும், அது நுண்ணுயிருக்குத் தீனி. காசினியோட வாயு அளக்கிற கருவியில சாதாரணமா சாரல் முதல்ல ஒரு டைட்டேனியம் அறைக்குள்ள நுழைஞ்சு, சுவத்துல மோதித் தெறிச்சுதான் அளக்கிற இடத்துக்கு வரும். விண்கலம் வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்துல போகுது. அந்த வேகத்துல ஐஸ் துகள் மோதினா சுவரோட மேல்தோல் உரிஞ்சு புது டைட்டேனியம் வெளிய வரும். புது டைட்டேனியம் தண்ணியைப் பார்த்தா ஆக்சிஜனைப் பிடுங்கிக்கும், மிச்சம் நிக்கிறது ஹைட்ரஜன். அப்ப நீங்க அளந்தது நிலாவோட ஹைட்ரஜனா, உங்க கருவியே தயாரிச்சதா? பல வருஷம் இதுதான் தலைவலி.

2015 அக்டோபர் 28-ல தரைக்கு 49 கிலோமீட்டர் மேல பறந்தப்போ கருவியை வேற முறைக்கு மாத்தினாங்க. வாயு சுவத்துல படாம நேரா உள்ள போற வழி. அப்பவும் ஹைட்ரஜன் இருந்துச்சு. சாரல்ல 0.4-ல இருந்து 1.4 சதவீதம், 2017-ல அறிவிச்சாங்க. என்னைக் கேட்டா, படம் காட்டுற கண்டுபிடிப்பு நூறை விட சுவத்துல படாம அளந்த இந்த ஒரு அளவுக்கு மதிப்பு அதிகம்.

[திரையில்: தொட்டியோட குறுக்கு வெட்டுப் படம்]

இப்ப தொட்டிக்கு வாங்க. ஒரு வாளி சாணிக்கு ஒரு வாளி தண்ணி, நல்லா கரைச்சு ஊத்துறோம். உள்ள காற்று போகக்கூடாது. முதல்ல ஒரு கூட்டம் பாக்டீரியா சாணியைச் சிதைச்சு அமிலம், கரியமில வாயு, ஹைட்ரஜன்னு பிரிக்கும். அடுத்த கூட்டம்தான் மீத்தேன் உண்டாக்குறவங்க. அதுல ஒரு பகுதி, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்கி அதுலயே வயித்தைக் கழுவுறாங்க. சூரிய வெளிச்சம் வேணாம், ஆக்சிஜன் வந்தா செத்துப்போவாங்க. என்செலடஸ் கடலுக்கு அச்சு அசலா இந்த மாதிரி ஆள்தான் தேவை. இந்த வகையில ஆழ்கடல்ல வாழுற ஒரு நுண்ணுயிரை, என்செலடஸ் மாதிரியே வாயுவும் அழுத்தமும் வச்சு ஆய்வகத்துல வளர்த்தே காட்டிட்டாங்க, 2018-ல.

ஆனா தொட்டி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆசைப்பட்டு ஒரே நாள்ல சாணியைக் கொட்டினா தொட்டி புளிச்சுப்போகும், அடுப்பு எரியாது. என்ன நடக்குதுன்னா, முதல் கூட்டம் வேகமா தயாரிக்குது, ரெண்டாவது கூட்டத்தால சாப்பிட முடியலை. ஹைட்ரஜன் தேங்குது, அமிலம் ஏறுது. நல்லா ஓடுற தொட்டியில ஹைட்ரஜன் தங்கவே தங்காது, வந்த உடனே காலி. பெரிய கழிவு ஆலைகள்ல ஹைட்ரஜன் ஏறினா தொட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்.

நம்ம பக்கம் இதுக்கு இன்னொரு கிளைக்கதை இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கழிவுநீர்ல குரோம் பதனிடுறதால சல்பேட் ரொம்ப ஜாஸ்தி. அதைக் காற்றில்லாத தொட்டியில விட்டா, சல்பேட்டை வச்சு வாழுற பாக்டீரியா ஹைட்ரஜனை முந்திக்கிட்டுத் தின்னுடும். மீத்தேன் குறையும், அழுகின முட்டை நாத்தம் கிளம்பும். ஹைட்ரஜனுக்கு பூமியில அவ்வளவு போட்டி!

அப்படின்னா என்செலடஸ்ல அத்தனை ஹைட்ரஜன் ஏன் சும்மா கிடக்கு? உயிர் இல்லைன்னு சொல்றவங்களோட நல்ல வாதம் இதுதான், இதை நிறைய சேனல்ல சொல்லவே மாட்டாங்க. சாப்பாடு கண்டோம், உயிர் கண்டோம்னு தம்ப்நெயில் போட்டுட்டுப் போயிடுவாங்க. (நம்ம தம்ப்நெயிலைப் பத்திப் பேச வேணாம்.)

மறுபக்கமும் இருக்கு. அட்லாண்டிக் கடலடியில 2000-ல கண்டுபிடிச்ச 'லாஸ்ட் சிட்டி' ஊற்றுல இதே பாறை வேலைதான் நடக்குது. நுண்ணுயிர் மொய்க்குது, அப்படியும் வெளிய வர்ற தண்ணியில ஹைட்ரஜன் ஏராளம். ஊற்று கொடுக்கிற வேகத்துக்கு அங்க தின்னு தீர்க்க முடியலை. அதோட, சாரல்ல இருக்கிற கணக்கும் கடலுக்குள்ள இருக்கிற கணக்கும் ஒண்ணில்லை; வெடிப்புக்குள்ள ஏறி வர்ற வழியில நீராவியில ஒரு பங்கு சுவத்துலயே உறைஞ்சிடும், ஹைட்ரஜன் உறையாது, அதனால பங்கு கூடித் தெரியும். பாஸ்பரஸ் இல்லாம உயிர் தடுமாறுதோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. 2023-ல அதுவும் அடிபட்டுப் போச்சு: நம்ம கடலை விட நூறு மடங்குக்கு மேல பாஸ்பேட் (பாஸ்பரஸ் உள்ள உப்பு) இருக்குன்னு ஐஸ் துகள்ல பார்த்துட்டாங்க.

சாரல்ல இருக்கிற மீத்தேனை உயிரோட அடையாளமா நம்பலாமான்னா, கூடாது. பாறையும் தண்ணியும் சேர்ந்தே மீத்தேன் செய்யும், மாடு வேண்டியதில்லை.

அடுத்து என்ன வேணும்னா, பெரிய மூலக்கூறு. ஒரு ஹைட்ரஜன் அணுவோட எடையை சுமார் 1-னு வச்சா, காசினியோட வாயுக் கருவிக்கு 99-க்கு மேல எடை பார்க்கவே தெரியாது. அது 1997-ல கிளம்பினப்போ இப்படி ஒரு ஊற்று இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இனி போறது மெதுவா புகுந்து போகணும். வினாடிக்கு சுமார் 4 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஐஸ் துகளுக்குள்ள இருக்கிற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டுற செங்கல்) உடையாம பிழைக்குது, அதுக்கு மேல போனா சுக்குநூறு. கிடைச்ச அமினோ அமிலத்துல இடக்கை, வலக்கைன்னு கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கிற ரெண்டு வடிவமும் சமமா இருந்தா பாறை வேதியியல்னு சந்தேகப்படலாம். பூமி உயிர்ல புரதத்துல இருக்கிற மாதிரி ஒரே கையா குவிஞ்சிருந்தா விஷயம் இருக்கு. ஐரோப்பிய விண்வெளி முகமை 2040-கள்ல கிளம்புற மாதிரி என்செலடஸுக்கு ஒரு திட்டம் யோசிச்சிட்டு இருக்கு. சாரலுக்குள்ள பறந்தா போதுமா, தென் துருவத்துல இறங்கியே ஆகணுமா? என் ஓட்டு இறங்குறதுக்கு, அங்க வருஷக்கணக்கா விழுந்த ஐஸ் தூளை ஒரு கரண்டி அள்ளினாலே பறந்து பிடிக்கிறதை விட பல மடங்கு சரக்கு கிடைக்கும். உங்க ஓட்டு எதுக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க, ஏன்னு காரணத்தோட.