புல்லு கருகுனதுக்கு எந்த மருந்து? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்னிக்கு நாலு சந்தேகம் எடுத்து வெச்சிருந்தேன். ஆனா முதல் சந்தேகத்துலயே நான் மாட்டிக்கிட்டேன். மூணு நாளா இதேதான் மண்டைக்குள்ள ஓடுது. மத்த மூணு பேரும் கோவிச்சுக்காதீங்க, அடுத்த வாரம் பார்ப்போம்.

ஊட்டி எல்க்ஹில் சரிவுலருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. படிக்கிறேன். 'அண்ணா, எங்க வீட்டு முன்னாடி பத்து வருசமா கிகுயூ புல்தரை இருக்கு. பனி வந்தா லேசா பழுப்பாகும், அவ்வளவுதான். போன வருசமும் இந்த வருசமும் கீழ்ப்பக்கம் பாதிப் புல்லு தீயில வாட்டின மாதிரி கருகிடுச்சு. மேல்பக்கம் நல்லா இருக்கு, பக்கத்து வீட்லயும் ஒண்ணும் ஆகல. ஒருத்தர் பூஞ்சாணம், மருந்து அடிங்கன்னு சொல்றார். இன்னொருத்தர் எல்லாத்தையும் கொத்திட்டுப் புதுப் புல்லு பதிக்கச் சொல்றார். மேல இருக்கிற சைப்ரஸ் மரத்தால வெயில் படல, அதை வெட்டுங்கன்னும் சொல்றாங்க. எந்த மருந்து அடிக்கிறது?' கூட மூணு போட்டோ.

மருந்து வேண்டாம் தங்கச்சி. கொத்தவும் வேண்டாம். மரத்துல கை வைக்கவே வேண்டாம், அதுக்கு அப்புறம் வர்றேன்.

அந்த மூணு போட்டோ இருக்கு பாருங்க, அதுலதான் எனக்குத் தூக்கம் போச்சு. முதல் ரெண்டும் இந்த மாசம் எடுத்தது, கருகின புல்லு. மூணாவது போன மே மாசம் எடுத்தது. 'நல்லா இருந்தப்ப இப்படி இருந்துச்சு'ன்னு காட்டுறதுக்காக அனுப்பியிருக்காங்க. அட, போன ஜனவரியில கருகின புல்லுதானே போன மே மாசம் பச்சையா நிக்குது! கேள்வியோட பாதிப் பதிலை அவங்களே உறை போட்டு அனுப்பிட்டாங்க.

கிகுயூ ஆப்பிரிக்காவுலருந்து வந்த புல்லு. கென்யாவுல கிகுயூன்னு ஒரு மக்கள் இருக்காங்க, அவங்க பேருதான் புல்லுக்கும். பனியில அதோட இலைதான் சாகும். மண்ணுக்குள்ள ஓடுற கொடி சாகாது. ஒரு கொடியைப் பிடுங்கி நகத்தால கீறிப் பாருங்க. உள்ள வெள்ளையா ஈரமா இருந்தா உயிரோட இருக்கு. கோடை மழை ரெண்டு அடிச்சா தானே எந்திரிச்சுக்கும். அதுவரைக்கும் கருகின இலையை வெட்டாதீங்க. அதுதான் அடியில இருக்கிற கொடிக்குப் போர்வை. போன வாரம் ரோஜா கவாத்து பத்திப் பேசினதைக் கேட்டுட்டு எல்லாரும் கத்தரிக்கோலோட நிக்கிறீங்கன்னு தெரியும். ரோஜா வேற, இது வேற. ஊட்டி ரோஜாப் பூங்காவுல ஜனவரியில கவாத்து பண்றாங்கன்னா மே மாசம் பூ வேணும்னு கணக்குப் போட்டுப் பண்றாங்க. அதைப் பார்த்துட்டு வீட்ல ஹைட்ரேஞ்சாவையும் ஒட்ட வெட்டினீங்கன்னா அந்த வருசம் பூவே இருக்காது. நாம சாதாரணமா வளர்க்கிற ஹைட்ரேஞ்சாவுக்கு மொட்டு பழைய தண்டுலதான் உட்கார்ந்திருக்கும்.

ஹைட்ரேஞ்சான்னதும் ஞாபகம் வருது. அந்த மே மாசப் போட்டோவுல ஓரமா வரிசையா ஹைட்ரேஞ்சா நிக்குது. எல்லாம் நீலம். கீழ்ச்சுவர் பக்கத்துல இருக்கிற ரெண்டு மட்டும் ரோஸ். தங்கச்சி அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு அதைப் பார்த்ததும் ஒரே சந்தோசம். நம்ம மலை மண்ணு புளிச்ச மண்ணு. புளிப்பு மண்ணுல அலுமினியம் கரைஞ்சு செடிக்குள்ள ஏறும், பூ நீலமாகும். சுண்ணாம்புச் சத்து கலந்தா அலுமினியம் ஏறாது, பூ ரோஸாகும். அப்ப அந்த மூலையில சுண்ணாம்பு எங்கிருந்து வந்துச்சு? சிமென்ட்டுலருந்துதான் வந்திருக்கணும். யாரோ கிட்டத்துல அங்க சுவர் வேலை பார்த்திருக்காங்க.

உடனே பதில் எழுதிக் கேட்டேன், 'கீழ்ச்சுவர் எப்ப கட்டினீங்க?'ன்னு. 'ரெண்டு வருசம் முன்னாடி ஐப்பசியில. காட்டுமாடு உள்ள வருதுன்னு சுவரை உசத்திக் கட்டிட்டு, பழைய கம்பி கேட்டைக் கழட்டிட்டுத் தகர கேட் போட்டோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?' அப்படீன்னு பதில் வந்துச்சு.

கேமராவுக்குப் பின்னாடி எங்க வீட்டம்மா சிரிக்கிறாங்க. இந்தப் பதிலை நான் வீட்ல நாலு தடவை வாசிச்சுக் காட்டிட்டேன்.

அந்தத் தகர கேட்டாலதான் புல்லு கருகுது. எப்படீன்னு கேக்குறீங்களா?

பழைய பார்வையாளர்களுக்கு இது அலுத்துப்போன பாட்டு, இருந்தாலும் இன்னொரு தடவை பாடுறேன். உறைபனி மேலருந்து விழுறதில்ல. பேச்சுக்குப் 'பனி விழுது'ன்னு சொல்றோம். பகல்ல மண்ணும் புல்லும் வாங்கின சூட்டை ராத்திரி ஆகாயத்துக்குத் திருப்பி விட்டுடும். மேகம் இருந்தா அது போர்வை மாதிரி தடுக்கும். மேகம் இல்லாம நட்சத்திரம் பளிச்சுனு தெரியுற, காத்து அசையாத ராத்திரியில மொத்தச் சூடும் போயிடும். புல்லு நுனி காத்தை விடக் குளிர்ந்துடும், ஈரம் அதுமேல படிஞ்சு உறைஞ்சுடும். அதனாலதான் பேப்பர்ல 'குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி'ன்னு போட்டிருப்பான், நம்ம புல்லு வெள்ளையா இருக்கும். அவன் மானி ஆளு இடுப்புக்கு மேல கூண்டுக்குள்ள தொங்குது, புல்லு தரையில கிடக்குது.

நம்பலேன்னா கார் ரெண்டு வெச்சிருக்கிற வீட்ல பாருங்க. ஒண்ணை வெட்டவெளியில நிறுத்துங்க, ஒண்ணை மரத்தடியில நிறுத்துங்க. காலையில வெளிய நின்ன கார் கண்ணாடியை அட்டையால சுரண்டணும், மரத்தடியில நின்ன கார் அனேகமாத் துடைச்ச மாதிரி இருக்கும். ஆகாயத்துக்கும் காருக்கும் நடுவுல இலை இருக்கு, அதான் சங்கதி. பனிக்காலத்துல சோலைக்காட்டு ஓரத்துல நடந்தவங்களுக்கு இது தெரியும். வெளிய புல்வெளி உப்பு கொட்டினாப்புல இருக்கும், நாலடி சோலைக்குள்ள போனா வெறும் ஈரம்தான்.

தங்கச்சி, உங்க மேல்பக்கப் புல்லைக் காப்பாத்திட்டு இருக்கிறதே அந்த சைப்ரஸ்தான். அதைப் போய் வெட்டச் சொல்றாங்க. நம்ம மாவட்டத்துல நினைச்சவுடனே மரத்தை வெட்டிட முடியாது, 1955லேயே மலைப்பகுதி மரங்களைக் காக்கச் சட்டம் போட்டு வெச்சிருக்கு. சொந்த நிலத்து மரமா இருந்தாலும் அனுமதி வாங்காம கோடாலி எடுக்காதீங்க.

சரி, கீழ்ப்பக்கம் மட்டும் ஏன்? இதுவும் பழைய பாட்டோட ரெண்டாவது அடி. குளிர்ந்த காத்து கனமா இருக்கும். கனமானது சரிவுல இறங்கும், தண்ணி மாதிரி. பள்ளம் கிடைச்சா தேங்கும். ஊட்டியில எங்க முதல்ல வெள்ளையாகுது? காந்தல், தலைக்குந்தா, ரேஸ்கோர்ஸ் மைதானம். எல்லாம் பள்ளம். சுத்தியிருக்கிற மேட்டுக் குளிரெல்லாம் வழிஞ்சு அங்க வந்து உட்காரும். உங்க வீட்ல பழைய கம்பி கேட்டு சந்து வழியா அந்தக் குளிர் வெளிய போயிட்டு இருந்துச்சு, தகர கேட்டு அதை அணை மாதிரி தடுத்து நிறுத்திடுச்சு.

என் சொந்தக் கதையைச் சொல்றேன். நர்சரி ஆரம்பிச்ச மூணாவது வருசம், ஆடு வருதுன்னு கீழ்ப்பக்கம் முழுக்க அட்டைத் தகரம் அடிச்சேன், அடியில எலி கூட நுழையாத மாதிரி. அதுக்குப் பக்கத்துலயே பியூசியா நாத்து, ஜெரேனியம் நாத்துன்னு பரப்பி வெச்சிருந்தேன். மார்கழியில ஒரே ராத்திரி. காலையில போய்ப் பார்த்தா எல்லாம் வேக வெச்ச கீரை மாதிரி தொங்குது. நானும் அன்னிக்குப் பூஞ்சாணம்னு மருந்து வாங்கி அடிச்சேன். செத்துப்போன நாத்துக்கு மருந்து! காசு போச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, எங்க நாய்க்குக் கீழ் கேட்டு பக்கத்துலதான் கூண்டு. அது பத்து நாள் முன்னாடியே கூண்டை விட்டுட்டு மேல படிக்கட்டுல வந்து படுக்க ஆரம்பிச்சிருச்சு. 'காவல் காக்காம மேல வந்து படுக்குது பாரு, சோம்பேறி'ன்னு திட்டிட்டு இருந்தேன். அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அடுத்த வருசம் தகரத்துல அடியில ஒரு அடி வெட்டி எடுத்துட்டுக் கம்பி வலை அடிச்சேன். நாய் கூண்டுக்குத் திரும்பிப் போயிடுச்சு. நாத்து அதுக்கப்புறம் ஒருக்காலும் அந்த அளவுக்குப் போகல.

இதை உங்க வீட்லயே பார்க்கலாம். ஒரு ஊதுபத்தி போதும். மேகம் இல்லாத நாள், காத்து நின்னு, பொழுது சாஞ்சு ஒரு அரை மணி நேரம் கழிச்சு, புல்தரை மேட்டுல தரைக்குப் பக்கத்துல ஏத்தி வெச்சிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. புகை மேல போகாது. தவழ்ந்து தவழ்ந்து கீழ இறங்கும். அது கேட்டுல போய் முட்டித் தேங்கிச்சுன்னா, ராத்திரி முழுக்கக் குளிரும் அங்கதான் தேங்குது. இதைச் செஞ்சுட்டு ஒருத்தர், 'பேய் போற மாதிரி இருக்குதுங்க'ன்னு எழுதியிருந்தார். பரவாயில்ல, பேய்க்கும் வழி விடுங்க.

தகர கேட்டை மொத்தமாத் தூக்கிப் போடச் சொல்லல. காட்டுமாடு விளையாட்டு இல்ல, அது வந்து நின்னா நாமதான் ஒதுங்கணும். பழைய கம்பி கேட்டையே நல்லா வலுவா மாட்டுங்க. இல்லேன்னா இந்தத் தகரத்துல அடிப்பக்கம் ஒண்ணரை அடி வெட்டிட்டுக் கம்பி வெச்சு வெல்டிங் பண்ணுங்க. மாடு நுழையாது, குளிர் வெளிய போயிடும். சுவர்லயும் தரை மட்டத்துல ரெண்டு மூணு இடத்துல ஓட்டை விடுங்க.

மூடுறது பத்தியும் சிலர் கேட்டிருக்கீங்க, சுருக்கமாச் சொல்றேன். தாவரவியல் பூங்காவுல மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார்ங்கிற செடியை வெட்டிட்டு வந்து மூடுவாங்க, பார்த்திருப்பீங்க. அதுதான் சரியான முறை. உள்ள காத்து நிக்கும், இலையில ஒட்டாது. வீட்ல சாக்கு, பழைய சேலை, நிழல் வலை எதுவும் ஆகும். பிளாஸ்டிக் தாளை மட்டும் இலைமேல படுற மாதிரி போர்த்தாதீங்க, படுற இடமெல்லாம் கருகும். சாயங்காலம் சூடு போறதுக்கு முன்னாடி மூடணும், காலையில பனி உருகினதும் எடுத்துடணும். மத்தியானம் மண்ணு நனையத் தண்ணி விடுங்க, ஈர மண்ணு காஞ்ச மண்ணை விடச் சூட்டைச் சேர்த்து வெச்சுக்கும். புல்லுமேல பனி படிஞ்சிருந்தா, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பச்சைத் தண்ணி தெளிச்சுக் கழுவுங்க, பூங்காவுலயும் அப்படித்தான் பண்றாங்க. சுடுதண்ணி ஊத்துறவங்க இருக்காங்க, அய்யோ வேண்டாம். உறைஞ்ச புல்லுமேல நடக்காதீங்க, ரெண்டு நாள் கழிச்சு உங்க காலடித் தடம் கருப்பா தெரியும். ஐப்பசியிலருந்து தழைச்சத்து உரம் போடாதீங்க, துளிர் விட்டா அந்தத் துளிரைத்தான் பனி முதல்ல கொல்லும்.

இப்ப நான் ஆசைப்பட்ட இடத்துக்கு வர்றேன். தங்கச்சி இதைக் கேக்கல, ஆனா கேட்டிருக்கணும். முதல் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். அந்தச் சுவர்ல தரையிலருந்து முக்கால் அடி உசரத்துக்குப் பச்சையா பாசிக் கோடு ஓடுது. என்ன அர்த்தம்? மழைக்காலத்துல தண்ணி அங்க அவ்வளவு உசரம் நின்னிருக்கு. குளிர் எங்க தேங்குதோ அங்கயேதான் தண்ணியும் தேங்கும். ரெண்டுக்கும் வழி ஒண்ணுதான், அந்த வழியை அடைச்சாச்சு. பனி போனா புல்லு திரும்பி வந்துடும். தண்ணி நின்னா சுவரே போயிடும், அதுக்குக் கீழ ஒரு வீடு இருக்குமே!

நம்ம மலையில இது சும்மா பயமுறுத்துற பேச்சு இல்ல. 2009 நவம்பர்ல எவ்வளவு இடத்துல மண்ணு சரிஞ்சுச்சுன்னு பெரியவங்களைக் கேளுங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. சுவருக்குப் பின்னாடி ஊறின மண்ணோட கனத்தை எந்தச் சுவரும் ரொம்ப நாள் தாங்காது, தண்ணி வடியிற ஓட்டை இல்லேன்னா. அதனால இந்த ஓட்டை வேலையை டிசம்பர் வரைக்கும் தள்ளாதீங்க. இப்ப மண்ணு காஞ்சு கிடக்கு, பங்குனிக்குள்ள முடிச்சிடலாம். ஓட்டைக்கு உள்பக்கம் ஜல்லி போடுங்க, இல்லேன்னா மண்ணு வந்து அடைச்சுக்கும். வெளிய வர்ற தண்ணி கீழ் வீட்டுக்காரர் முற்றத்துல விழாம ரோட்டோரக் கால்வாய்க்குப் போற மாதிரி திருப்பி விடுங்க. கீழ் வீட்டுக்காரர்கிட்ட முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது, அப்புறம் சண்டைக்கு வருவாரு.

ஓட்டை போடுறப்ப அந்த ரெண்டு ரோஸ் ஹைட்ரேஞ்சாவோட வேரைக் கொத்திடாதீங்க. நீலமா மாத்துறது எப்படீன்னு யாரும் கேக்காதீங்க. அந்த மூலைக்கு அந்த ரோஸ்தான் அழகு. அடுத்த மார்கழியில ஊதுபத்தி ஏத்திட்டு, புகை கேட்டுக்கு அடியில போறதை வீடியோ எடுத்து அனுப்புங்க தங்கச்சி, இங்க போட்டுக் காட்டுறேன்.

அடுத்த வாரம் கொடைக்கானல்லருந்து ஒருத்தர் பிளம்ஸ் மரம் பூக்குது, காய்க்கலேன்னு கேட்டிருக்கார். அவரும் போட்டோ அனுப்பியிருக்கார். அதுலயும் ஒரு சங்கதி இருக்கு.