சூரியனின் சாம்பல் எங்கே போகிறது?

ஓமலூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தால் சாம்பல் குவிகிறது. சூரியனும் எரிகிறது என்றால் அதன் சாம்பல் எங்கே? எரிய எரிய அது தேய்ந்துபோகாதா?"

அருமையான கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: நிலக்கரி எரிவதுபோல் சூரியன் எரியவில்லை. அவ்வளவு பெரிய உருண்டை முழுவதும் நிலக்கரியாகவே இருந்திருந்தாலும், இன்றைய வேகத்தில் ஒளியைக் கொட்டினால் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். ஆனால், ஏற்காட்டுக்கு ஏறும் வழியில் நாம் பார்க்கிற சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறைக்கே வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சூரியனுக்கோ 460 கோடி.

சூரியனின் மையத்தில், சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பத்தில், நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் படிப்படியாக இணைந்து ஒரு ஹீலியம் அணுக்கருவாகின்றன. அந்த நான்கின் மொத்த நிறையைவிட ஹீலியத்தின் நிறை சுமார் 0.7 சதவீதம் குறைவு; 1905-இல் ஐன்ஸ்டைன் காட்டிய சமன்பாட்டின்படி அந்தக் குறைவுதான் ஆற்றலாக வெளிப்படுகிறது. நிலக்கரி எரியும்போதும் நிறை குறையத்தான் செய்கிறது. ஆனால் ஒரு கிலோவுக்கு அது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிலோ ஹைட்ரஜன் ஹீலியமானால் குறைவது ஏழு கிராம். மேட்டூர் நிலையத்தின் 1,440 மெகாவாட்டும் முழுத் திறனில் ஏறக்குறைய ஐந்து நாள் ஓடித் தரும் மின்சாரம், அந்த ஏழு கிராமுக்குத்தான் ஈடாகும்.

அப்படியானால் சூரியன் ஏன் ஒரே நொடியில் வெடித்துச் சிதறவில்லை? என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த இடம்தான். ஹைட்ரஜனின் அணுக்கரு என்பது ஒரு புரோட்டான்தான்; நேர்மின்னூட்டம் கொண்ட இரு புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன; அந்தத் தடையை, அணுக்களின் நுண்ணுலகை ஆளும் குவாண்டம் விதிகளின் தயவால் எப்போதாவது ஊடுருவி நெருங்கினாலும், அந்தக் கணத்திலேயே அவற்றில் ஒன்று மின்னூட்டமற்ற நியூட்ரானாக மாறினால்தான் இணைப்பு நிலைக்கும். இது மிக மிக அரிது. மையத்தில் இருக்கும் ஒரு புரோட்டான் தன் முறைக்காகச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. அதனால் மையத்தின் ஒரு கன மீட்டரில் பிறக்கும் ஆற்றல் 300 வாட்டைக்கூட எட்டுவதில்லை. சாணமும் தழையும் மக்கும் எருக்குழியின் வெப்பத்தோடுதான் அதை ஒப்பிட முடியும். சூரியன் அவ்வளவு பெரியதாக இருப்பதால்தான், நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகி, அதில் ஏறத்தாழ 42 லட்சம் டன் நிறை ஆற்றலாகிறது.

தேய்வைப் பொறுத்தவரை, பிறந்ததிலிருந்து இவ்வாறு ஆற்றலாக மாறியது மொத்த நிறையில் சுமார் 0.03 சதவீதம் மட்டுமே. நீங்கள் கேட்ட சாம்பல் அந்த ஹீலியம்தான். அது வெளியேறாமல் மையத்திலேயே சேர்கிறது. அது சேரச் சேர மையம் மெல்லச் சுருங்கிச் சூடேறுகிறது, இணைவின் வேகமும் கூடுகிறது. அதனால்தான் சூரியனின் இளமைக் காலப் பிரகாசம் இன்றையதைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது.