நவம்பர் மாதத்து வேலை

(ஓய்வூதியர் தினக் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, சகோதரிகளே, வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் நகரா வழக்கைச் சொன்னார்கள். சுப்ரீம் கோர்ட்டின் 1982 டிசம்பர் 17 தீர்ப்பு. ஓய்வூதியம் அரசின் தயவு அல்ல, உரிமை என்றது. ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. நகரா மத்திய அரசு அதிகாரி, 1972-லேயே ஓய்வு பெற்றவர். 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷனை உயர்த்தும் புதிய கணக்கு கிடையாது என்றதை எதிர்த்துத்தான் கோர்ட்டுக்குப் போனார். அவரோடு மனுதாரராக நின்ற 'காமன் காஸ்' சங்கத்தைத் தொடங்கிய எச்.டி. ஷோரியும் ஓய்வு பெற்ற அதிகாரியே. வீட்டில் சும்மா உட்காராத இந்தப் பெரியவர்களின் உழைப்பும் நம் பென்ஷனில் இருக்கிறது.

சரி, நம் கதைக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனதும் சேவை செய்கிறோம் என்று மரக்கன்று நட்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். கன்றை ஆடு தின்றுவிட்டது. நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது ஃபாரம் நிரப்புவது. அதையே செய்தால் என்ன என்று அப்புறம்தான் உறைத்தது.

அப்படித்தான் நவம்பரில் சங்க அறையில் மேஜை போட்டோம், பென்ஷன் நிற்காமல் வர வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை எடுத்துக் கொடுக்க. போன மாதம் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் ஒரு அம்மா வந்தார். எண்பது தாண்டியவர். அந்த வயதுக்காரர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ரேகைக் கருவியில் பத்து விரலும் வைத்தாயிற்று, ஒன்றும் பதியவில்லை. பாத்திரம் தேய்த்தே ரேகை போன கை. “நான் உசிரோட இருக்கேன்னு இந்த மிஷினுக்கு யாருப்பா சொல்றது?” என்றார். முகத்தைக் காட்டி எடுக்கும் முறை 2021-லேயே வந்துவிட்டது. நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டு, போனை நீட்டி, “அம்மா, ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க” என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டார்! மூன்றாம் தடவைதான் ஏற்றுக்கொண்டது. போகும்போது மேஜையில் இரண்டு வாழைப்பழம் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைவிடப் பெரிய தொல்லை பெயர். பிபிஓ-வில், அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையில், மனைவி பெயர் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லட்சுமி அம்மாள்’. இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்கக் கணவரை இழந்தவர் மாதக்கணக்கில் அலைகிறார். கணவர் உயிரோடு இருந்தபோதே பார்த்திருந்தால் ஒரு மனுவில் தீர்ந்திருக்கும். இங்கே இருக்கும் ஆண்களைத்தான் கேட்கிறேன்: உங்கள் பிபிஓ-வைக் கடைசியாக எப்போது பிரித்துப் பார்த்தீர்கள்?

ஜனவரியிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு அதைத்தான் சரிபார்க்கப் போகிறோம். மேஜைக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். டீ சங்கச் செலவு.